ரொறன்ரோ வசந்தகாலத் தோட்டம்: எந்தக் கன்று எப்ப மண்ணுக்குப் போகவேணும்?

ரொறன்ரோவிலயும் பக்கத்து ஊர்களிலயும் தோட்டம் செய்யிற ஆக்கள் ஊர் ஊராகச் சொல்றது இது.

ஸ்காபரோவிலிருந்து

ஏப்ரலில ரெண்டு நாள் 20 பாகை வெயில் எறிச்சவுடன தக்காளிக் கன்று வாங்கி நடாதேங்கோ. பகல் சூடு கணக்கில்லை. இரவு எவ்வளவுக்கு இறங்குது, மண் எவ்வளவு சூடாக இருக்குது, இந்த ரெண்டும்தான் கணக்கு.

தக்காளிக்கு இரவு 10 பாகைக்குக் கீழ போகாமல் ஒரு கிழமையாவது இருக்கவேணும். 5, 6 பாகையில கன்று சாகாது. ஆனா குளிர் மண்ணில வேர் பொஸ்பரஸை இழுக்க மாட்டாது. இலையின்ர அடிப்பக்கம் ஊதா நிறமாகி, கன்று அப்படியே நிண்டுபோகும். பிந்தி நட்ட கன்று அதை முந்திப் போறதுக்குக் காரணம் இதுதான்.

விக்ரோரியா டே நீண்ட வாரஇறுதி (மே 25க்கு முந்தின திங்கள்) தக்காளிக்குச் சரியான நேரம். மிளகாய், கத்தரிக்கு அதுக்குப் பிறகும் ஒரு கிழமை, பத்து நாள் பொறுங்கோ. ஏரிக்கரைப் பக்கம் உறைபனி முந்தி விட்டிடும். ஏரியை விட்டு வடக்கே இருக்கிற மார்க்கம், வோன் ஆக்கள் இன்னும் கொஞ்சம் பொறுக்கவேணும்.

மண் சூட்டை அளக்க, இறைச்சிக்குள்ள குத்திப் பார்க்கிற தெர்மோமீற்றர் போதும். காலமை 8 மணிக்கு 8 சென்ரிமீற்றர் ஆழத்தில குத்தி, மூண்டு நாள் தொடர்ந்து பாருங்கோ. பின்னேரம் அளந்தால் மேல்மண் சூடு ஏமாத்திப்போடும்.

ஏஜக்ஸிலிருந்து

அதுவரைக்கும் பாத்தியைச் சும்மா விடவேண்டாம். பட்டாணி, முள்ளங்கி, ஸ்பினாச், கொத்தமல்லி, வெந்தயம் எல்லாம் ஏப்ரல் நடுவிலயிருந்து நேரா மண்ணில போடலாம். சின்ன உறைபனி இதுகளை ஒண்டும் செய்யாது. முதல் ஒரு பிடி மண்ணை இறுக்கிப் பிடிச்சு, விரலால தட்டிப் பாருங்கோ. உதிர்ந்தால் கொத்தலாம். உருண்டையாக நிண்டால் விடுங்கோ. ஈரக் களிமண்ணைக் கொத்தினால் கட்டியாகி, கோடை முழுக்க அப்படியே கிடக்கும். கொத்தமல்லியை ரெண்டாக உடைச்சு விதையுங்கோ. யூலை வெயில் வந்தால் அது பூத்துப்போகும், அதால பிந்தக்கூடாது.

மிசிசாகாவிலிருந்து

வீட்டுக்குள்ள விதை போடும் தேதியைப் பத்தி நான் சொல்றேன், ஏன்னா நிறைய பேர் இங்கதான் சொதப்புறாங்க. மிளகாயும் கத்தரியும் மார்ச் முதல் வாரத்துல குழித்தட்டுல போடணும், தக்காளி மார்ச் கடைசியில போதும். தக்காளியையும் மார்ச் தொடக்கத்துலயே போட்டா மே மாசத்துல ஒல்லியா, பூவோட நிக்கும், நட்டதும் துவண்டுடும்.

மிளகாய் முளைக்க 25லிருந்து 30 டிகிரி வேணும், ரெண்டு மூணு வாரம்கூட ஆகும். ஜன்னலோரக் குளிர்ல வெச்சா விதை அழுகிடும். முளை தெரிஞ்ச அன்னைக்கே விளக்கு வேணும்: எல்இடி குழல் விளக்கு, நாற்றுக்கு மேல 5லிருந்து 8 சென்டிமீட்டர், ஒரு நாளைக்கு 14 மணி நேரம். ஜன்னல் வெளிச்சம் மட்டும் போதாது.

நாற்று மண் மட்டத்துல நூல் மாதிரி சுருங்கிச் சாஞ்சா, அது நாற்றழுகல். தோட்டத்து மண்ணும் மேலிருந்து ஊத்துற தண்ணியும் சேர்ந்தா வரும். புதுக் கோகோபீட் கலவை எடுத்து, தட்டுக்கு அடியில தண்ணி ஊத்தி உறிஞ்ச விடுங்க, சின்ன ஃபேன் ஒண்ணு ஓடட்டும். சாஞ்ச நாற்றைக் காப்பாத்த முடியாது, எடுத்துடுங்க.

பிராம்ப்டனிலிருந்து

பாவல், புடலை, வெண்டி, பயித்தை நாலும் வேற கணக்கு. மண் 20 பாகைக்கு வரமுன்னம் போட்டால் விதை மண்ணுக்குள்ளயே பழுதாப்போகும். ஜூன் முதல் கிழமைதான் இதுகளின்ர நேரம்.

பாவலும் புடலையும் ஏப்ரல் கடைசியில வீட்டுக்குள்ள தொடங்கவேணும், இல்லாட்டி காய் வரமுன்னம் குளிர் வந்திடும். பாவல் விதையின்ர ஓடு தடிப்பு. நகவெட்டியால கூர்ப்பக்கத்து ஓட்டை மட்டும் மெல்லிசாக வெட்டுங்கோ. உள்ள இருக்கிற வெள்ளைப் பருப்பில வெட்டு படக்கூடாது. ஒரு இரவு ஊறவிட்டு, பிழிஞ்ச ஈரப் பேப்பர் டவலில சுத்தி, சிப் பைக்குள்ள போட்டு 30 பாகை அளவு சூடான இடத்தில வையுங்கோ. வேர் ஒரு சென்ரிமீற்றர் வந்தவுடன சாடிக்கு மாத்துங்கோ. கூட விட்டால் வேர் டவலில ஒட்டி, இழுக்கேக்க முறியும்.

வெண்டிக்கு ஆணிவேர், அதால இடம் மாத்தினால் பிடிக்காது. நேரா மண்ணில போடுங்கோ, அல்லது அடி வெட்டின ஆழமான பேப்பர் கப்பில வளர்த்து, கப்போடயே நடுங்கோ. நடுறதுக்கு ரெண்டு கிழமைக்கு முன்னம் பாத்தியைக் கறுப்புப் பிளாஸ்ரிக்கால மூடிவிட்டால் மண் கெதியாகச் சூடாகும்.

ஸ்காபரோவிலிருந்து

வீட்டுக்குள்ள வளர்ந்த கன்றை ஒரே நாளில வெயிலில வைக்கவேண்டாம். இலை வெள்ளை வெள்ளையாகக் கருகும். முதல் நாள் நிழலில ஒரு மணித்தியாலம், பிறகு நாளுக்கு நாள் கூட்டி, பத்து நாளில முழு வெயில். காத்தையும் பாருங்கோ, வெயிலைவிட அது கூட முறிக்கும்.

நட்ட பிறகு உறைபனி எச்சரிக்கை வந்தால் பொழுதுபட முன்னம் பழைய பெட்சீற்றால நிலம்வரைக்கும் மூடுங்கோ. காத்தில்லாத, முகில் இல்லாத இரவில 2, 3 பாகையிலயே இலையில பனி பிடிக்கும். பிளாஸ்ரிக் இலையில முட்டினால் முட்டின இடம் கருகும். காலமை சூடு ஏறினவுடன எடுத்திடுங்கோ.

கறிவேப்பிலைச் சாடி எல்லாத்துக்கும் கடைசி: இரவு 12 பாகைக்கு மேல நிலைச்ச பிறகுதான் வெளியில.