பழைய கார் டயர்களுக்கு இரண்டு சொற்கள் வேண்டும் (அவசரம்)

அன்புள்ள குழுவினருக்கு,

பழம்பெரும் கார்களுக்கு மாற்று டயர் தேர்ந்தெடுப்பது பற்றிய சிறு கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. காற்றழுத்தம், பக்கச்சுவர், உள் டியூப் எல்லாம் தொல்லையின்றி வந்துவிட்டன. கிராஸ்பிளை, ரேடியல் என்ற இரண்டு சொற்களில்தான் வண்டி நின்றுவிட்டது.

டயரின் ரப்பருக்குள் நூல் அடுக்குகள் இருப்பது தெரிந்ததே. பழைய வகையான கிராஸ்பிளையில் நூல்கள் டயர் ஓடும் திசைக்கு 30, 40 பாகை சாய்ந்து ஓடும். அடுத்த அடுக்கு எதிர்ப்பக்கம் சாயும். 1940களின் இறுதியில் மிஷ்லென் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ரேடியலில் நூல்கள் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நேராகப் போகும். அவற்றின் மேல் இறுக்கிப் பிடிக்கும் பட்டைகள் இருக்கும். கையேட்டின் முதல் எச்சரிக்கையே, ஒரே அச்சில் இரண்டு வகையையும் கலக்கக் கூடாது என்பதுதான். வேறு வழியே இல்லை என்றால் ரேடியல் பின் அச்சுக்குப் போக வேண்டும். மாற்றிப் போட்டால், வளைவில் முன் சக்கரங்கள் தரையைப் பிடித்துக்கொள்ளும். பின்பக்கம் வழுக்கி வண்டி சுழன்றுவிடும். ஆகவே சொல்லில் குழப்பம் வரக் கூடாது.

'குறுக்கிழை', 'ஆரையிழை' என்று எழுதி வைத்திருக்கிறேன். சரிதானா?

– மொழிபெயர்ப்பாளர்

*

அன்புடையீர்,

இழைக்குப் பெயர் வைக்கும் முன் டயருக்குப் பெயர் வைத்தாயிற்றா? டகரம் மொழிக்கு முதலாகாது. ரகரமும் ஆகாது. 'ரேடியல் டயர்' என்று எழுதும்போது இரண்டு சொல்லில் இரண்டு பிழை.

நம்மிடம் சொல் இல்லாமல் இல்லை. 'கொழுஞ்சூட்டு அருந்திய திருந்துநிலை ஆரத்து' என்று பெரும்பாணாற்றுப்படை உப்பு வண்டியின் சக்கரத்தை வருணிக்கிறது. ஆரம் என்பது ஆரக்கால். அதைச் சூழ்ந்திருப்பது சூட்டு. பூச்சூடுவதுபோலச் சக்கரம் சூடிக்கொள்வது சூட்டு. ஆங்கிலச் சொல்லுக்கும் 'உடுத்துவது' என்பதே வேர் என்கிறார்கள். இரண்டு மொழியும் ஒரே கற்பனையில் போய் நின்றிருக்கும்போது நாம் ஏன் டயரைப் பிடித்துத் தொங்க வேண்டும்?

– ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

*

> சக்கரம் சூடிக்கொள்வது சூட்டு

ஐயா, மன்னிக்க வேண்டும். அந்த அடியில் வரும் சூட்டு, ஆரக்கால்களின் நுனியைச் சேர்த்துப் பிடிக்கும் மர விளிம்பு. இன்றைய கணக்கில் அது ரிம்; டயர் அன்று. அதற்கும் மேலே அடிக்கும் இரும்புப் பட்டைதான் டயருக்கு நெருங்கிய உறவு.

இருந்தாலும் ஒரு சோதனை செய்து பார்ப்போம். கையேட்டில் 'நீண்ட ஓட்டத்தில் சூட்டு வெடிப்பு ஏற்படலாம்' என்று எழுதினால் வாசகர் என்ன நினைப்பார்? வெயிலில் வண்டி ஓட்டாமல் இருந்துவிடுவார்.

– அகராதிப் பணியில் இருப்பவர்

*

அன்புடையீர், அப்படியானால் ரிம்முக்குச் சூட்டு என்று வையுங்கள். டயருக்கு நேமி. விட்டுக்கொடுக்கும் மனம் எனக்கு உண்டு.

– தமிழாசிரியர்

*

வணக்கம். நான் இலக்கணம் படித்தவன் அல்லன். 1950களின் கார் ஒன்றை வைத்துக்கொண்டு அல்லாடுகிறவன். நேமி, சூட்டு எல்லாம் இருக்கட்டும். 'குறுக்கிழை' என்பதை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

போன மாதம் கழற்றிய பழைய டயர் ஒன்றின் பக்கச்சுவர் வெடித்து, ரப்பர் தோலாக உரிந்திருந்தது. உள்ளே பழுப்பு நூல்கள் சிறுசிறு சாய்சதுரங்களாகத் தெரிந்தன. மேலடுக்கு வலப்பக்கம், கீழடுக்கு இடப்பக்கம். இதைப் பார்த்தவர்கள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகிறது என்பார்கள். ஆனால் ரேடியலை வெட்டிப் பாருங்கள். டயருக்கு நேர் குறுக்காக ஓடுவது அதில் உள்ள நூல்தான்! ஆக, குறுக்கிழை என்றால் நான் ரேடியலைத்தான் நினைப்பேன். நீங்கள் பயப்படும் கலப்படம் அந்தச் சொல்லிலேயே நடந்துவிடும்.

இன்னொன்று. பழைய டயரில் 6.00-16 என்றிருக்கும். அகலம் 6 அங்குலம், ரிம் 16 அங்குலம். நடுவில் உள்ள சிறுகோடு இருக்கிறதே, ரேடியலில் அந்த இடத்தில் ஆங்கில 'ஆர்' எழுத்து வரும். கடைக்காரரும் மெக்கானிக்கும் பார்ப்பது அந்த எழுத்தைத்தான். ரேடியலை ரேடியல் என்றே விட்டால் என்ன குறைந்துவிடும்?

– பழைய கார் வைத்திருப்பவன்

*

குறுக்கிழை வேண்டாம் என்பதை ஏற்கிறேன். பழையதற்குப் 'பின்னிழை', புதியதற்கு 'நேரிழை' எப்படி? சின்ன சொற்கள், ஓசையும் நன்றாக இருக்கிறது.

– பொறியியல் மாணவி

*

அம்மா, இழை என்றால் நூல் மட்டுமன்று, அணிகலனும்தான். ஆயிழை, சேயிழை, நேரிழை எல்லாம் சங்கப் பாட்டில் பெண்கள். 'இரண்டு நேரிழைகளைப் பின்னால் ஏற்றுக' என்று அச்சிட்டால் கையேடு அகத்திணை ஆகிவிடும்.

– தமிழாசிரியர்

*

பின்னிழையிலும் வில்லங்கம் உண்டு. 'பின் அச்சில் பின்னிழை கூடாது' என்ற வரியை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

– அகராதிக்காரர்

*

ஒரு வியப்பைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கார் நண்பர் சொன்ன அந்த 'ஆர்' எழுத்து! ஆர் என்றால் தமிழில் ஆரக்கால். ஆரக்கால்போல நடுவிலிருந்து விரியும் நூல் கொண்ட டயரின் மேல் 'ஆர்' என்று பொறித்து உலகெங்கும் விற்கிறார்கள். தற்செயல்தான், ஆனால் விடலாமா? 'ஆரிழை' என்று வையுங்கள். கடைக்காரர் எழுத்தைப் பார்க்கட்டும், நாம் சொல்லைப் பார்ப்போம். ஆர், ஆரம், ஆரை, ஆர்தல் என்னும் சொற்களுக்கு வேர் பற்றித் தனியாக ஏழு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன், கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன்.

– தமிழாசிரியர்

*

நேரிழை பெண் என்றால் ஆரிழை மட்டும் யாராம்?

– பொறியியல் மாணவி

*

வேருக்குப் போனால் வெள்ளிக்கிழமை போய்விடும். 'சாய்விழை' என்று ஒருவரும் சொல்லவில்லையே? நூல் சாய்ந்து ஓடுகிறது, சாய்விழை. மற்றது ஆரையிழை. ஆரை என்பது வட்டத்தின் நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும் கோடு, பள்ளிக்கூடத்தில் வட்டம் வரைந்தவர்களுக்குத் தெரிந்ததுதான்.

– அகராதிக்காரர்

*

சாய்விழை பரவாயில்லை, பார்த்ததோடு ஒத்துப்போகிறது. ஆனால் சொல்லோடு நின்றுவிடாதீர்கள், மொழிபெயர்ப்பாளரே. பழைய அளவில் பக்கச்சுவரின் உயரம் ஏறத்தாழ அகலத்தின் அளவே இருக்கும். 185/65 என்று இன்று கிடைப்பதில் அகலம் 185 மில்லிமீட்டர், உயரம் அதில் 65 விழுக்காடுதான், 120 மில்லிமீட்டர். அதே 16 அங்குல ரிம்மில் மாட்டினால் சக்கரத்தின் மொத்த விட்டம் 650 மில்லிமீட்டரைத் தொடாது. பழையது 700-ஐத் தாண்டும். வேகமானி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும், வண்டியும் குட்டையாக நிற்கும். 'பொருந்துகிறது' என்ற சொல்லை ரிம் விட்டத்துக்கு மட்டும் போட்டிருந்தால் வாங்குகிறவர் ஏமாறுவார்.

கம்பிச் சக்கரத்துக்கு உள் டியூப் கட்டாயம் என்பதையும் விட்டுவிடாதீர்கள். அடுத்தது வயது. டயரின் பக்கத்தில் பொறித்திருக்கும் குறியீட்டில் கடைசி நான்கு எண்கள் வாரமும் ஆண்டும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். மூன்றே எண்கள் இருந்தால் அது 2000-க்கு முந்தைய சரக்கு. மேலே பள்ளங்கள் புத்தம்புதிதாக இருந்தாலும் தொடாதீர்கள். பழைய கார்க்காரர்கள் கொஞ்சமாகத்தான் ஓட்டுகிறோம். எங்கள் டயர் தேய்வதற்கு முன் வயதாகிச் சாகிறது.

ரேடியலுக்கு என் வாக்கு ரேடியலுக்கே.

– பழைய கார் வைத்திருப்பவன்

*

நண்பர்களுக்கு நன்றி. இதுவரை சாய்விழைக்கு மறுப்பு வரவில்லை. வந்தாலும் இனிப் பார்க்க நேரமில்லை. ஆரையிழைக்கு மூவர், ஆரிழைக்கு ஒருவர், ரேடியலுக்கு ஒருவர். எச்சரிக்கைப் பக்கத்தில் மட்டும் 'ஆரையிழை எனப்படும் ரேடியல்' என்று இரண்டையும் சேர்த்துப் போடுகிறேன். டயர் டயராகவே இருக்கும். டயர் ரிம்மில் அமரும் தடித்த ஓரத்துக்கு ஆங்கிலத்தில் பீடு என்று பெயர்; அதை 'விளிம்புத் தடிப்பு' என்று மாற்றிவிட்டேன். 'பீடு சேதமடைந்த டயர்' என்றால் மானம் போன டயர் என்று படிக்கிறார்கள்.

– மொழிபெயர்ப்பாளர்

*

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன். ஆரிழை குறித்த என் மாற்றுக்கருத்து பதிவில் இருக்கட்டும். கையேட்டின் அட்டையில் 'பழம்பெரும் கார்' என்று பார்த்தேன். கார் என்றால் மேகம், கருமை, பருவம், நெல். நான்கில் எது பழம்பெரும்? 'தொல்லுந்து' என்று மாற்ற இன்னும் ஒரு நாள் இருக்கிறதல்லவா?

– தமிழாசிரியர்

*

'தொல்லுந்து' என்றால் என் வீட்டில் 'தொல்லை தருவது' என்றுதான் படிப்பார்கள். பொருள் தவறில்லை.

– பழைய கார் வைத்திருப்பவன்

*

அட்டை நேற்றே அச்சாகிவிட்டது, ஐயா.

– மொழிபெயர்ப்பாளர்