‘ஒரேதரம் மரித்தார்’ என்பது வேற்றுக்கிரகவாசிகளுக்கும் பொருந்துமா?

வேப்பமரத்தடி (கேள்வி):

எங்கள் சபையில் ஞாயிறு மாலை வாலிபர் வேதபாட வகுப்பை நான் நடத்தி வருகிறேன். சென்ற வாரம் ரோமர் நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டோம். ஒரே மனுஷனாலே பாவம் உலகத்தில் வந்ததையும், ஒருவராலே மீட்பு உண்டானதையும் விளக்குவதற்காகக் கரும்பலகையில் ‘ஆதாம்’ என்று ஒரு பத்தியும் ‘கிறிஸ்து’ என்று ஒரு பத்தியும் போட்டேன். 12ஆம் வகுப்பு படிக்கும் பையன் ஒருவன் தன் நோட்டில் மூன்றாவதாக ஒரு பத்தியும் போட்டு, அதன் தலையில் கேள்விக்குறியை மட்டும் இட்டு வைத்திருந்தான். என்னவென்று கேட்டதற்கு, “வேறொரு கிரகத்தில் யோசிக்கவும் ஜெபிக்கவும் தெரிந்தவர்கள் இருந்தால், அவர்கள் இந்த இரண்டில் எதில் வருவார்கள்?” என்றான்.

“அப்படிப்பட்டவர்களைப் பற்றி வேதத்தில் ஒன்றும் சொல்லப்படவில்லை” என்று பதில் சொன்னேன். “ஆஸ்திரேலியாவைப் பற்றியும் சொல்லப்படவில்லையே, சார்” என்றான். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அது சிரித்துக் கடந்துவிடக்கூடிய கேள்வியாகத் தோன்றவில்லை. அவர்கள் ஆதாமின் சந்ததி அல்லர் என்றால் அவர்களுக்கு ஜென்மபாவம் உண்டா? பாவம் உண்டென்றால், கல்வாரியில் சிந்தப்பட்ட இரத்தம் அவர்களுக்கும் சேர்த்துத்தானா, அல்லது அங்கேயும் ஒரு சிலுவை வேண்டுமா? திருச்சபை வரலாற்றில் யாராவது இதைப் பொறுப்பாகச் சிந்தித்திருக்கிறார்களா என்பதை அறிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன். பறக்கும் தட்டு பார்த்த கதைகள் வேண்டாம்.

பழைய ஏடு:

உங்கள் மாணவன் விளையாட்டாகச் சொன்ன ஆஸ்திரேலியாவிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் இந்த வழக்கு ஏறத்தாழ அங்கேதான் தொடங்கியது. பூமியின் மறுபுறத்தில், நம் காலடிக்கு நேர் கீழே மனிதர்கள் வாழ்கிறார்களா என்ற கேள்வி திருச்சபைத் தந்தை அகுஸ்தீன் காலத்திலேயே இருந்தது. பூமி உருண்டையாக இருக்கலாம் என்பதில் அவருக்குப் பெரிய மறுப்பு இல்லை. அங்கே மனிதர்கள் இருப்பதாகச் சொன்னால், ஆதாமின் வழித்தோன்றல்கள் அத்தனை பெரிய கடலைக் கடந்து அங்கே போயிருக்க வேண்டும், அது நம்பத்தக்கதன்று என்பதே அவருடைய வாதம். 748இல் பாப்பரசர் சக்கரியா, பூமிக்கு அடியில் வேறு உலகமும் வேறு மனிதரும் உண்டென்று கற்பித்ததாகச் சொல்லப்பட்ட வெர்ஜில் என்ற குருவைக் கண்டித்துக் கடிதம் எழுதினார். அந்த வெர்ஜில் பின்னாளில் சால்ஸ்பர்க்கின் ஆயரானார். 1233இல் புனிதராகவும் அறிவிக்கப்பட்டார். கேள்வியின் சாரம் அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றே: ஆதாமின் வம்சத்தைச் சேராத அறிவுள்ள உயிர் இருக்க முடியுமா?

அடுத்த திருப்பம் 1277இல் பாரிஸில் நேர்ந்தது. அரிஸ்டாட்டிலைப் பின்பற்றியவர்கள், முதற்காரணமாகிய கடவுளால் பல உலகங்களை உண்டாக்க முடியாது என்று கற்பித்துக்கொண்டிருந்தார்கள். பாரிஸ் ஆயர் எத்தியென் தாம்பியே அந்த ஆண்டு தடை செய்த 219 கூற்றுகளில் இதுவும் ஒன்று. பல உலகங்கள் இருக்கின்றன என்று அவர் சொல்லவில்லை. கடவுளால் முடியாது என்று சொல்லக் கூடாது என்றுதான் சொன்னார். அதுவே போதுமானதாக இருந்தது. 1440இல் ஜெர்மானிய இறையியலாளர் நிக்கோலாஸ் கூசானுஸ், மற்ற விண்பொருள்களிலும் அவற்றுக்கேற்ற உயிர்கள் வாழக்கூடும் என்று வெளிப்படையாக எழுதினார். அவரை யாரும் தண்டிக்கவில்லை. எட்டு ஆண்டுகள் கழித்துக் கர்தினாலாக்கினார்கள். 1600இல் ரோமில் எரிக்கப்பட்ட ஜோர்தானோ புரூனோவையே எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அவர்மீது பல உலகக் கொள்கை மட்டுமல்லாமல், திரித்துவத்தையும் நற்கருணைக் கோட்பாட்டையும் மறுத்தார் என்ற குற்றச்சாட்டுகளும் இருந்தன.

நீங்கள் கேட்ட கேள்வியை அதே வடிவில் கேட்டவர், 1463இல் இறந்த பிரான்சிஸ்கன் துறவி வில்லியம் வொரிலோங். வேறு உலகத்து மனிதர்கள் ஆதாமிடமிருந்து பிறந்தவர்கள் அல்லர் என்பதால் ஆதாமின் பாவம் அவர்களுக்கு இல்லை என்றார். இந்தப் பூமியில் நேர்ந்த கிறிஸ்துவின் மரணம் எண்ணற்ற உலகங்களை மீட்கவும் போதுமானது என்றார். ஆனால் கிறிஸ்து இன்னொரு உலகத்துக்குப் போய் மறுபடியும் மரிப்பது தகுதியன்று என்று முடித்தார். கொலம்பஸ் கப்பல் ஏறுவதற்கு முன்பே எழுதப்பட்ட பதில் இது என்பதை உங்கள் மாணவனிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

மேய்ச்சல்நிலம்:

நான் சீர்திருத்தச் சபை மரபில் வந்த ஊழியன் என்பதால் வசனத்தை விட்டு அதிகம் விலகாமல் எழுதுகிறேன். கிறிஸ்து பாவத்திற்கென்று ‘ஒரேதரம் மரித்தார்’ என்று ரோமர் 6:10இல் உள்ள சொல்லை இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது. எபிரெயர் நிருபம் 9ஆம் அதிகாரத்தில் இதே கருத்தைத் திரும்பத் திரும்ப வலியுறுத்துகிறது. கிறிஸ்து அடிக்கடி பாடுபட வேண்டியதில்லை என்பதே அங்கு முழு வாதமும். லூத்தரின் உடனுழைப்பாளரான மெலாங்க்தன் 1549இல் பல உலகக் கொள்கையை மறுத்தபோது இந்த அடிப்படையிலேயே மறுத்தார்.

அதே வாதத்தைத் தலைகீழாகத் திருப்பியவர், கிறிஸ்தவத்தை விமர்சித்த எழுத்தாளர் தாமஸ் பெய்ன். தேவகுமாரன் உலகம் உலகமாகப் போய் ஓயாமல் மரித்துக்கொண்டேயிருக்க வேண்டியதுதானா என்று 1794இல் ஏளனம் செய்து, பல உலகங்களையும் கிறிஸ்தவத்தையும் ஒருவன் சேர்த்து நம்ப முடியாது என்றார். இதற்குத் தாமஸ் சால்மர்ஸ் என்னும் ஸ்காட்லாந்துப் போதகர் கிளாஸ்கோவின் டிரான் ஆலயத்தில் பதில் சொன்னார். வாரநாளில் நடந்த அந்தப் பிரசங்கங்களுக்கு மக்கள் தங்கள் வியாபாரத்தை விட்டுவிட்டு வந்தார்களாம். அவை 1817இல் அச்சேறின. தொலைநோக்கி வானத்தின் பிரமாண்டத்தைக் காட்டி நம்மைச் சிறுமைப்படுத்திய அதே காலத்தில், நுண்ணோக்கி ஒரு துளி நீருக்குள்ளும் தேவனுடைய கரிசனையைக் காட்டியது என்பது அவருடைய பதில். பெய்னின் ஏளனத்துக்கு இதைவிடக் கண்ணியமான மறுமொழியை நான் படித்ததில்லை. சிறியதைக் கவனிப்பதால் தேவன் பெரியதைக் கைவிடுகிறார் என்று ஆகாது.

கொலோசெயர் 1:20இல், ‘பூலோகத்திலுள்ளவைகள் பரலோகத்திலுள்ளவைகள் யாவையும்’ சிலுவையின் இரத்தத்தினாலே ஒப்புரவாக்கப்படுவதாகப் பவுல் எழுதுகிறார். ‘யாவையும்’ என்பதற்கு வெளியே ஒரு கிரகத்தை வைக்க எனக்குத் துணிவில்லை. ஆகவே என் விடை: சிலுவை ஒன்றே, அதன் பலன் எல்லாருக்கும்.

ஒரு சிறு எச்சரிக்கையும் உண்டு. ‘இந்தத் தொழுவத்திலுள்ளவைகளல்லாமல் வேறே ஆடுகளும் எனக்கு உண்டு’ என்ற யோவான் 10:16ஐ இதற்கு ஆதாரமாகக் காட்டாதீர்கள். அது புறஜாதியாரைக் குறித்தது. பலர் அதைப் பிடித்துக்கொண்டு வானத்துக்கு ஏறிவிடுகிறார்கள்.

சம்மனசு:

மேய்ச்சல்நிலம் அவர்களின் பதிலை மதிக்கிறேன். ஆனால் அது ஒரு பழைய முடிச்சை அவிழ்க்காமல் விட்டுவிடுகிறது. நான்காம் நூற்றாண்டில் நாசியான்சுஸ் கிரகோரியார், கிறிஸ்து எதை ஏற்றுக்கொள்ளவில்லையோ அது குணமாக்கப்படவில்லை என்று எழுதினார். கிறிஸ்துவுக்கு மனித அறிவு இல்லை, தெய்வ அறிவு மட்டுமே இருந்தது என்றவர்களுக்கு எதிராக அவர் சொன்னது அது. அவர் நம் உடலையும் அறிவையும் உயிரையும் முழுமையாக ஏற்றதால்தான் நாம் மீட்கப்பட்டோம் என்பது நம் விசுவாசம். அப்படியானால், நம்மோடு இரத்த உறவே இல்லாத, வேறொரு வேதியியலில் உருவான உயிரின் இயல்பை அவர் இங்கே ஏற்கவில்லையே! ஒரே சிலுவையின் பலன் அவர்களுக்கும் சேரும் என்று சொல்பவர்கள், எந்த வழியாகச் சேரும் என்பதையும் சொல்ல வேண்டும்.

இங்கேதான் 13ஆம் நூற்றாண்டு இறையியலாளர் அக்குவினாஸ் தோமையார் உதவுகிறார். அவர் உலகம் ஒன்றே என்று கருதியவர். வேற்றுக்கிரகத்தை நினைத்து எழுதியவர் அல்லர். ஆயினும் தம் இறையியல் தொகுப்பின் மூன்றாம் பாகத்தில், ஒரே தெய்வ ஆள் இரண்டு மனித இயல்புகளை ஏற்க முடியுமா என்று கேட்டு, முடியும் என்கிறார். படைக்கப்பட்ட ஓர் இயல்பு, படைக்கப்படாத கடவுளைத் தனக்குள் அடைத்து முடித்துவிட இயலாது என்பது காரணம். அப்படியானால் அவர் இரண்டு மனிதராகிவிட மாட்டாரா என்ற எதிர்வாதத்துக்கு அவர் தரும் உவமை எனக்கு மிகவும் பிடித்தது: இரண்டு ஆடை உடுத்தியவனை இரண்டு ஆள் என்று யாரும் சொல்வதில்லை. 20ஆம் நூற்றாண்டில் ஆங்கிலிக்கன் இறையியலாளர் எரிக் மாஸ்கல் 1956இல் பல மனுவுருவாதல்களுக்கு (தேவகுமாரன் படைக்கப்பட்ட இயல்பை ஏற்று வருவதற்கு) இடமுண்டு என்று வாதிட்டார். புராட்டஸ்டன்ட் இறையியலாளர் பால் டில்லிக்கும் அடுத்த ஆண்டே அந்தச் சாத்தியத்தைத் திறந்து வைத்தார்.

அவர்களுக்கு மீட்பு தேவை என்றே நாம் ஏன் முன்கூட்டி முடிவு செய்கிறோம் என்றும் கேட்க வேண்டும். சம்மனசுகள் (தேவதூதர்கள்) அறிவுள்ள உயிர்கள், மனிதர் அல்லர், அவர்களில் ஒரு பகுதியினர் பாவத்தில் விழவே இல்லை என்று திருச்சபை எப்போதும் கற்பித்து வந்திருக்கிறது. ஆக, மனிதனைத் தவிர வேறு அறிவுயிரே இல்லை என்பது ஒருநாளும் நம் போதனையாக இருந்ததில்லை. வத்திக்கான் வானாய்வகத்தின் அன்றைய இயக்குநர் ஹோசே கபிரியேல் ஃபூனெஸ் அடிகளார் 2008 மே மாதம் அளித்த பேட்டியில், வேற்றுக்கிரகவாசியும் நம் சகோதரனே என்றதோடு, காணாமற்போன ஆட்டின் உவமையையும் எடுத்துக்காட்டினார். நூறு ஆடுகளில் வழிதவறிய அந்த ஒன்று நாமாகவே இருக்கலாம் என்றார். ஞாயிறு மறையுரையில் அந்த உவமையைக் கேட்கும்போதெல்லாம் தொலைந்த ஆடு பக்கத்து இருக்கைக்காரர் என்று எண்ணிப் பழகிய எனக்கு, அது சற்றே சங்கடமாகத்தான் இருந்தது.

ஒளியாண்டு:

நான் விசுவாசி அல்லன், இயற்பியல் படித்தவன். ஒரே ஒரு கணக்கை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். வானியற்பியலாளர் எட்வர்ட் மில்ன், சிலுவை ஒன்றே போதும், அதன் செய்தியை மற்றக் கிரகங்களுக்கு வானொலி அலைகள் மூலம் அறிவிக்கலாம் என்று 1952இல் வெளிவந்த நூலில் எழுதியிருக்கிறார். 1974இல் அரெசிபோ வானொலித் தொலைநோக்கியிலிருந்து எம்13 விண்மீன் கொத்தை நோக்கி அனுப்பப்பட்ட செய்தி அங்கே போய்ச் சேர ஏறத்தாழ 25,000 ஆண்டுகள் ஆகும். நம் பால்வெளியின் குறுக்களவோ ஏறத்தாழ 1,00,000 ஒளியாண்டுகள். எருசலேமில் அன்றைக்கே ஓர் ஒலிபரப்பு நிலையம் இருந்திருந்தாலும், அந்த நற்செய்தி இன்றுவரை 2,000 ஒளியாண்டு தூரத்தைக்கூடத் தாண்டியிருக்காது. செய்தி எட்டுவதற்குள் அழிந்துவிடும் இனங்களின் கதி என்ன என்பதற்கு, ஒரே சிலுவை என்பவர்கள் பதில் வைத்திருக்க வேண்டும்.

1995இல் மிஷேல் மாயோரும் டிடியே கெலோவும் சூரியனைப் போன்ற வேறொரு விண்மீனைச் சுற்றும் முதல் கோளைக் கண்டறிந்தார்கள். 2022இல், பிற விண்மீன்களைச் சுற்றுவதாகக் கண்டறியப்பட்ட கோள்களின் எண்ணிக்கை 5,000ஐத் தாண்டியது. உயிர் இருப்பதாக உறுதியானது இதுவரை ஒன்றிலும் இல்லை.

மேய்ச்சல்நிலம்:

ஒளியாண்டு அவர்களுக்கு: கிறிஸ்துவுக்கு முன் மரித்த ஆபிரகாமுக்கும், சுவிசேஷம் எட்டாத தீவுகளில் மரித்தவர்களுக்கும் இதே கேள்வி பொருந்தும். மீட்பின் பலன் செய்தியின் வேகத்தைப் பொறுத்தது என்று நாங்கள் ஒருபோதும் சொன்னதில்லை. மில்ன் வானொலியை நம்பியது இறையியலில் அவர் செய்த பிழை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நடைவழி:

தமிழில் சிந்திப்பவர்களுக்கு இந்த விவாதத்தில் தனியாக ஒரு வில்லங்கம் இருக்கிறது. ‘பல மனுவுருவாதல்கள்’ என்று சம்மனசு எழுதியதைப் பேச்சில் சொன்னால் ‘பல அவதாரங்கள்’ என்றே வரும். அந்தச் சொல் காதில் விழுந்ததும் யுகந்தோறும் தோன்றி, காரியம் முடிந்ததும் மறைகிற அவதாரம்தான் நம் மனத்தில் வரும். சென்னையைச் சேர்ந்த கிறிஸ்தவச் சிந்தனையாளர் வெ. சக்கரை, 1926இல் இயேசுவை அவதாரம் என்றே அழைத்து ஓர் ஆங்கில நூல் எழுதினார். ஆனால் இயேசுவின் அவதாரம் வந்துபோவதன்று, நிலையானது என்பதை அதில் அழுத்திச் சொன்னார். கிறிஸ்து மனித இயல்பை ஏற்றது என்றென்றைக்கும் என்பதே திருச்சபையின் பொதுவான போதனை. ஆகவே மாஸ்கல் கருதிய பல மனுவுருவாதல்களில், ஒன்றைக் கழற்றிவிட்டு அடுத்ததை அணிவது என்பதே கிடையாது. ஒரே குமாரன் பல இயல்புகளையும் ஒருசேர என்றென்றும் தாங்கியிருப்பார். வகுப்பில் ‘அவதாரம்’ என்ற சொல்லைப் பயன்படுத்தினால், இந்த வேறுபாட்டை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பிள்ளைகள் தசாவதாரத்தோடு ஒப்பிடத் தொடங்கிவிடுவார்கள்.

வேப்பமரத்தடி:

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை அந்தப் பையனோடு ஆலய முற்றத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்து, அகுஸ்தீனிலிருந்து ஃபூனெஸ் அடிகளார் வரை சொன்னேன். வொரிலோங்கின் பதில் அவனுக்குப் பிடிக்கவில்லை. பாவமே இல்லாதவர்களை எதிலிருந்து மீட்பது என்று உடனே கேட்டுவிட்டான். நான் மேய்ச்சல்நிலம் அவர்களின் பக்கம்தான் இன்னும் சாய்ந்திருக்கிறேன் என்றாலும், கிரகோரியாரின் வாக்கியத்துக்கு என்னிடம் இப்போது பதில் இல்லை என்பதை அவனிடம் மறைக்கவில்லை. அவன் தன் நோட்டை எடுத்து, மூன்றாவது பத்தியை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்து, ஒன்றில் ‘விழுந்தவர்கள்’ என்றும் மற்றதில் ‘விழாதவர்கள்’ என்றும் எழுதிக்கொண்டான். விழாதவர்களிடமும் தேவகுமாரன் போவாரா என்பது அடுத்த வாரத்துக்கான கேள்வியாம். பாவமே நேராதிருந்தாலும் மனுவுருவாதல் நிகழ்ந்திருக்கும் என்று இடைக்கால இறையியலாளர் டன்ஸ் ஸ்கோட்டஸ் கருதியதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். அதை விவரமாக அறிந்தவர்கள் சனிக்கிழமைக்குள் எழுதினால் உதவியாக இருக்கும்.