சோயா தீவனத்தில் பாஸ்பேட்-கடத்தி மரபணுவின் செயல்பாடு கூடுவது ஏன்?

கேள்வி: ரெயின்போ டிரவுட் மீனுக்கு மீன்தூளைக் குறைத்து சோயா சேர்த்தோம். மொத்த பாஸ்பரஸ் இரண்டு தீவனத்திலும் சமம். ஆனாலும் குடலில் சோடியம்-பாஸ்பேட் கடத்தியின் (பாஸ்பேட்டைச் செல்லுக்குள் ஏற்றும் புரதம்) எம்ஆர்என்ஏ (மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் நகல்) கூடியிருக்கிறது. ஏன்?

பதில் 1: மொத்தத்தை விடுங்க, செரிக்கும் பாஸ்பரஸைப் பாருங்க. சோயாவில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு ஃபைட்டேட் என்ற விதைச் சேர்மத்தில் சிக்கியிருக்கும். அதை உடைக்கும் நொதி டிரவுட்டிடம் போதாது. பற்றாக்குறை வந்ததும் குடல் கடத்தியைப் பெருக்கும். அதை உடைக்கும் ஃபைட்டேஸ் நொதியைச் சேருங்க. எக்ஸ்ட்ரூடருக்கு (தீவனத்தைச் சூட்டில் அழுத்தித் துகளாக்கும் இயந்திரம்) முன்னால் கலந்தால் சூட்டில் வீணாகிவிடும். துகள் ஆறியபின் தண்ணீரில் கரைத்துத் தெளிங்க, எண்ணெய் அதற்கப்புறம்.

பதில் 2: மாதிரியையும் சரிபாருங்க. பைலோரிக் சீக்காவும் (இரைப்பையை அடுத்துள்ள விரல் போன்ற குடல் பைகள்) பின்குடலும் கலந்தால் எண் புரளும். தீனி போட்டபின் எல்லா மீனையும் ஒரே மணிக்கணக்கில் எடுக்கணும். துண்டு அரை சென்டிமீட்டருக்கு மேல் தடித்தால் ஆர்என்ஏ சிதையாமல் காக்கும் ஆர்என்ஏலேட்டர் திரவம் உள்ளே இறங்காது. ஒப்பீட்டு மரபணுவாக பீட்டா-ஆக்டின் ஒன்றை மட்டும் நம்பாதீங்க, தீவனம் மாறினால் அதுவும் ஆடலாம்.

கேட்டவர்: சீக்காவைத் தனியாகப் பிரிக்கவில்லை. மறுபடி எடுக்கிறேன்.