பைலட் ஹெட்செட் மைக் பழுது பார்க்க நாகர்கோவில் பக்கம் ஆள் உண்டா?

வெளிமாநிலத்தில் பைலட் பயிற்சியில் இருக்கேன், விமானம் செஸ்னா 172. இப்போ லீவுக்குத் தக்கலை வந்திருக்கேன். ஹெட்செட் செகண்ட் ஹேண்ட், இரட்டை பிளக்.

பிரச்சினை இதுதான்: நான் பேசுறது விமான நிலைய கன்ட்ரோல் டவருக்கு விட்டு விட்டுக் கேட்குது. அவங்க சொல்ற ரன்வே எண், கியூ.என்.ஹெச் (உயரமானியில வைக்கிற காற்றழுத்த அளவு), ஸ்குவாக் கோடு (ரேடாரில் விமானத்தை அடையாளம் காட்டுற எண்) எல்லாம் நான் திருப்பிச் சொல்லி, அது முழுசா காதில் விழுந்தாத்தான் கன்ட்ரோலர் விடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனா "சே அகெய்ன்" (மறுபடி சொல்லுங்க)னு கேட்டுக் கேட்டு, இப்போ என் கால்சைன் (ரேடியோவில் விமானத்தோட அழைப்புப் பெயர்) கேட்டாலே அவர் குரல் மாறுது. அந்த நேரம் அலைவரிசையில மத்தவங்க யாரும் பேசவும் முடியாது.

போன மாசம் ஆரம்பிச்சது. இடப்பக்கம் தலையைத் திருப்பினா இன்டர்காமிலும் (விமானத்துக்குள்ள பேசுற லைன்) என் குரல் கட்டாகுது. மைக் ஸ்பாஞ்சை மாத்தினேன், பிளக்கைத் துடைச்சேன், வேற விமானத்திலும் போட்டுப் பார்த்தேன், அதேதான். நண்பனோட ஹெட்செட்டில் எல்லாம் தெளிவு. வடசேரியில ஒரு மொபைல் கடையில "இந்த பின்னே பார்த்ததில்ல"ன்னுட்டாங்க. திருவிழாவுக்கு மைக்செட் போடுற அண்ணன் திறந்து பார்த்தார். இந்த மைக்குக்கு ரேடியோவிலிருந்து வோல்டேஜ் வரணும், அதனால அவர் ஆம்ப்ளிஃபயரில் டெஸ்ட் பண்ண முடியல.

மைக் வயரை மாத்தி, டெஸ்டும் பண்ணித் தர்றவங்க நாகர்கோவில், மார்த்தாண்டம் அல்லது திருவனந்தபுரத்தில் யாராவது இருக்காங்களா?