கூடைப்பந்தும் பேஸ்பாலும்: பாப் கிப்சன் வழி 16 வயதுப் பையனுக்குச் சரிவருமா?

திடல்_டீச்சர்:
வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கும் இடைநிலைப்பள்ளிக்காகக் கேட்கிறேன். படிவம் 4 மாணவன், 16 வயது, பள்ளிக் கூடைப்பந்து அணியில் இருக்கிறான். சாப்ட்பாலில் மூன்றாம் பேஸிலிருந்து எறிந்தால் பந்து கோடு கிழித்தமாதிரி போகும். இப்போது பேஸ்பால் பிட்சர், அதாவது பந்து வீசுபவன், ஆக வேண்டுமாம். "பாப் கிப்சன் ரெண்டும் ஆடினாரே டீச்சர்" என்பது அவன் வாதம் (கிப்சன் அந்தக் கால அமெரிக்க பேஸ்பால் நட்சத்திர பிட்சர்).

கிப்சன் நிஜமாகவே ஒரே நேரத்தில் இரண்டையும் ஆடினாரா? எங்களுக்குச் செவ்வாயும் வியாழனும் கூடைப்பந்துப் பயிற்சி. வீச்சை எந்த நாளில் வைப்பது, எத்தனை வீச்சு? செம்மண்ணில் மவுண்ட் (பிட்சர் நின்று வீசும் மேடு) போட்டால் நிற்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஸ்கோர்_புத்தகம்:
டீச்சர், பையன் சொல்வது பாதி சரி. கிப்சன் இரண்டும் ஆடியவர்தான். ஆனால் அவர் பெரிய பிட்சர் ஆனது கூடைப்பந்தை விட்டபிறகு.

1935-இல் ஒமாஹாவில் பிறந்தவர். தகப்பன் முகம் பார்க்காத பிள்ளை, சிறுவயதில் ஆஸ்துமா வேறு. பயிற்சி கொடுத்து ஆளாக்கியது மூத்த அண்ணன் ஜோஷ். இண்டியானா பல்கலைக்கழகம், கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு ஒதுக்கிய இடம் நிரம்பிவிட்டது என்று அவரை எடுக்கவில்லை. உள்ளூர் கிரைட்டன் பல்கலைக்கழகம் உபகாரச் சம்பளம் கொடுத்தது, அதுவும் கூடைப்பந்துக்காக. 185 செ.மீ. உயரம்தான், சராசரி ஆட்டத்துக்கு 20 புள்ளிக்கு மேல்.

1957-இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் பேஸ்பால் அணியில் கையெழுத்து. அந்தக் கோடையில் கீழ்நிலை லீக்கில் பேஸ்பால், கோடை முடிந்ததும் ஹார்லம் குளோப்டிராட்டர்ஸ் என்ற கண்காட்சி அணியோடு சில மாதம் கூடைப்பந்து. அதாவது பருவத்துக்கு ஒன்று. ஒரே வாரத்தில் இரண்டு இல்லை. அதையும் கார்டினல்ஸ் பொது மேலாளர் பிங் டிவைன் பணம் கொடுத்து நிறுத்திவிட்டார்.

பெரிய லீக்கில் (அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் லீக்) முதல் ஆட்டம் 1959 ஏப்ரலில். வேகம் இருந்தது, பந்து சொன்ன இடத்துக்குப் போகவில்லை; 1961-இல் மட்டும் 119 பேரை வாக்கில் (நான்கு தவறான வீச்சால் இலவசமாக முதல் பேஸுக்கு) அனுப்பியிருக்கிறார். அந்த ஆண்டு ஜூலையில் ஜானி கீன் மேலாளராக வந்து, முறைவைத்துப் பந்தைக் கையில் கொடுத்த பிறகுதான் ஆள் நிலைத்தார். 1964 உலகத் தொடரில் (பெரிய லீக்கின் இறுதித் தொடர்) யாங்கீஸ் அணியை முடித்த ஏழாவது ஆட்டத்தை இரண்டே நாள் ஓய்வில் வீசினார். இதைப் பையனிடம் சொல்லவே சொல்லாதீர்கள், அதையே பிடித்துக்கொள்வான்!

1968 கணக்கு ஒன்று போதும். 304 இன்னிங்ஸும் மூன்றில் இரண்டும் வீசி, அவர் கணக்கில் விழுந்த ஓட்டம் 38. ஒரு முழு ஆட்டம் 9 இன்னிங்ஸ்; 38-ஐ 9-ஆல் பெருக்கி 304.67-ஆல் வகுத்தால் 1.12. ஒரு முழு ஆட்டத்துக்குக் கிட்டத்தட்ட ஓர் ஓட்டம். 34 ஆட்டம் தொடங்கி 28-ஐத் தானே முடித்தார், 13-இல் எதிரணிக்கு ஓட்டமே இல்லை. அப்படியும் 9 தோல்வி, ஏனென்றால் அணி அடிக்கவில்லை. செப்டம்பரில் கேலார்ட் பெர்ரியிடம் 1-0 என்று தோற்ற ஆட்டத்தில் கார்டினல்ஸுக்கு ஒரு ஹிட்கூட (அடித்துப் பேஸை எட்டுவது) கிடைக்கவில்லை. உலகத் தொடர் முதல் ஆட்டத்தில் டெட்ராய்ட் டைகர்ஸுக்கு எதிராக 17 ஸ்டிரைக்கவுட் (மூன்று ஸ்டிரைக்கில் அடிப்பவரை வெளியேற்றுவது). அடுத்த ஆண்டே மவுண்ட் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10 ஆக்கி, ஸ்டிரைக் வட்டாரத்தையும் (சரியான வீச்சாக எண்ணும் பரப்பு) சுருக்கிவிட்டார்கள். அவர் ஒருவரால் மட்டுமில்லை, அந்த ஆண்டு எல்லாப் பிட்சரும் ஆட்டத்தை முடக்கிவிட்டார்கள்.

மொத்தம் 251 வெற்றி, 3,117 ஸ்டிரைக்கவுட். 1975-இல் ஓய்வு, 1981-இல் ஹால் ஆஃப் ஃபேம் (பேஸ்பாலின் புகழ் மண்டபம்).

கூடைப்பந்து என்ன கொடுத்தது என்று கேட்டால், கால். பந்தை விட்டதும் அவர் உடம்பு முதல் பேஸ் பக்கம் சாய்ந்து விழும். அந்த நிலையில் எதிரே வரும் பந்தைப் பிடிப்பது கஷ்டம். ஆனாலும் தொடர்ந்து 9 கோல்ட் கிளவ் (சிறந்த தடுப்பாட்டத்துக்கான விருது) வாங்கினார். தடுமாறிய காலை ஒரே எட்டில் சரிசெய்வது கூடைப்பந்துக்காரனின் வேலை. கை வேறு கதை, அதை யாராவது எழுதுங்கள்.

இடக்கை:
ஒரு திருத்தம். "ஒரே ஆண்டில் இரண்டையும் பெரிய அளவில் யாரும் ஆடவில்லை" என்று பையன் எடுத்துக்கொள்ளக் கூடாது. டேவ் டிபுஷர் 1962, 63-இல் ஒயிட் சாக்ஸ் பேஸ்பால் அணிக்கு வீசிக்கொண்டே என்பிஏ-வில் (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) பிஸ்டன்ஸ் அணிக்கு ஆடினார், பிறகு கூடைப்பந்திலேயே தங்கிவிட்டார். ஜீன் கான்லி இன்னும் ஒரு படி மேலே: 1957-இல் மில்வாக்கி பிரேவ்ஸோடு உலகத் தொடர், 1959, 60, 61-இல் செல்டிக்ஸோடு என்பிஏ பட்டம். இரண்டிலும் வென்றவர் அவர் ஒருவர்தான். ஆனால் 203 செ.மீ. ஆள்!

கல்லூரி அளவில் என்றால் டாட்ஜர்ஸ் அணியின் பெரிய பிட்சர் சாண்டி கௌஃபாக்ஸும் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் முதலாண்டு கூடைப்பந்து ஆடினார். முழங்கை மூட்டுவாதத்தால் 30 வயதில் நிறுத்த வேண்டியதாயிற்று. பிரின்ஸ்டனில் இரண்டும் ஆடிய கிறிஸ் யங், 2000-இல் பேஸ்பால் ஒப்பந்தம் போட்டதும் கல்லூரிக் கூடைப்பந்து உரிமையையும் சேர்த்து இழந்தார், பிரின்ஸ்டன் ஆடும் ஐவி லீக்கின் விதி அப்படி. ஸ்காலர்ஷிப் கனவு காணும் பிள்ளைகள் கையெழுத்துக்கு முன்னால் விதியைப் படிக்க வேண்டும்.

முழங்கை:
டீச்சர், கையைப் பற்றி நான் சொல்றேன்.

கூடைப்பந்து ஷாட்டும் வீச்சும் ஒண்ணு இல்ல. ஷாட்ல முழங்கை முகத்துக்கு நேரா நின்னு பந்தை மேலே தள்ளுது. வீச்சுல இடுப்பு முதல்ல திரும்பும், தோள் பின்னாடி வரும், கை சாட்டை மாதிரி கடைசியில வரும். அந்தக் கடைசி நொடி பாரம் முழுக்க முழங்கை உள்பக்கத் தசைநார்லதான். கால் களைச்சுப் போயிருந்தா இடுப்பு சோம்பும், கை அந்த வேலையையும் சேர்த்து இழுக்கும். அதனால ஒரே நாள்ல ரெண்டும் வந்தா முதல்ல வீச்சு, பிறகு கூடைப்பந்து. மாத்திச் செய்யவே கூடாது.

சாப்ட்பால்ல மூணாம் பேஸ்லேர்ந்து முதல் பேஸ் சுமார் 26 மீட்டர். அவன் கைக்குத் தூரம் புதுசு இல்ல, எண்ணிக்கைதான் புதுசு. பந்தும் வேற: சாப்ட்பால் 180, 190 கிராம், பேஸ்பால் 142லேர்ந்து 149. சாப்ட்பாலை வச்சு மேல்கை பிட்சிங் பழக்காதீங்க.

திங்கள், புதன், சனி வீச்சு. 14 மீட்டர்ல 25 எறி, பத்து நிமிஷம் ஓய்வு, மறுபடி 25. அடுத்தடுத்து ரெண்டு தடவை வலி இல்லாம முடிஞ்சா 18 மீட்டர், அப்புறம் 27, அப்புறம் 36. அதுக்கப்புறம்தான் பிட்சிங், அதுவும் முதல்ல சமதரையில.

ஆட்டம்னு வந்தா, அமெரிக்காவுல 15, 16 வயசுக்கு வகுத்த அளவு: ஒரு நாளைக்கு அதிகபட்சம் 95 வீச்சு. 30 வரைக்கும் ஓய்வு நாள் வேண்டாம். 31 முதல் 45க்கு 1 நாள், 60 வரை 2 நாள், 75 வரை 3 நாள், 76ஐ தொட்டா 4 நாள். யாராவது ஒருத்தர் கையில எண்ணுற கருவியோட உட்காரணும். மனக்கணக்கு எப்பவும் குறைச்சுத்தான் சொல்லும்.

நிறுத்தவேண்டிய அறிகுறி: பந்து அடுத்தடுத்து உயரமாப் போறது, முழங்கை தோளுக்குக் கீழே இறங்குறது, வீச்சுக்கு நடுவுல கையை உதறுறது. "வலிக்குதா"ன்னு கேட்டா பசங்க இல்லன்னுதான் சொல்வாங்க. கேட்காதீங்க, பாருங்க.

திடல்_டீச்சர்:
நன்றி சார். அப்போது செவ்வாய்க்கிழமை கூடைப்பந்துக்கு மறுநாள், புதன்கிழமை வீச்சு பாதிக்காதா? அப்புறம் மவுண்ட்?

முழங்கை:
கூடைப்பந்து கடுமையா இருந்திருந்தா புதன் 14 மீட்டரோட முடிச்சுக்குங்க. ஆட்ட வாரமா இருந்தா புதன் வேண்டவே வேண்டாம்.

செம்மண்:
மவுண்டுக்கு முழு வட்டம் வேண்டாம் டீச்சர். பயிற்சிக்கு 1.5 மீட்டர் அகலத்தில் ஒரு மேடு போதும்: பின்னால் 1 மீட்டர் சமதளம், முன்னால் 3 மீட்டர் சரிவு, உயரம் 25 செ.மீ. இறுகிய மண் ஏறக்குறைய ஒரு கன மீட்டர். கொட்டும்போது கால்வாசி கூடக் கொட்டுங்கள்.

பிட்சர் கால் வைக்கும் பலகை 61-க்கு 15 செ.மீ. அதன் முன் விளிம்பிலிருந்து ஹோம் பிளேட்டின் (அடிப்பவர் பக்கத்துத் தட்டு) பின் முனை வரை 18.44 மீட்டர். பிளேட்டின் முன் விளிம்பு வரை அளந்தால் பையன் 43 செ.மீ. பின்னால் நிற்பான், எல்லாரும் செய்யும் தப்பு இது. பலகையைத் தாண்டி 15 செ.மீ. சமமாக விட்டு, பிறகு ஒவ்வொரு 30 செ.மீ.க்கும் 2.5 செ.மீ. இறக்குங்கள். கயிறும் நீர்மட்டமும் இருந்தால் போதும்.

தோட்டத்துச் சாலைச் செம்மண்ணில் கல் இருக்கும், சலித்தே ஆக வேண்டும். களி போதுமா என்று பார்க்க, நனைத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். பென்சில் கனத்தில் உடையாமல் நீண்டால் சரி; உதிர்ந்தால் களிமண் கலக்க வேண்டும். ஒரே குவியலாகக் கொட்டி மிதித்தால் மேல் மட்டும் இறுகும், அடி பொதபொதவென்று இருக்கும். 2.5 செ.மீ. அடுக்காகப் போட்டு, தண்ணீர் தெளித்து, திமிசு கட்டையால் இடித்து, மேற்பரப்பைக் கீறிவிட்டு அடுத்த அடுக்கு. கீறாவிட்டால் அடுக்குகள் ஒட்டாமல் தட்டுத்தட்டாகப் பெயரும்.

முதலில் குழி விழுவது முன்கால் ஊன்றும் இடத்தில், பலகைக்கு முன்னால் ஒன்றரை மீட்டர் சுமாருக்கு. அங்கே மட்டும் சுத்தக் களி 10 செ.மீ. ஆழம் போடுங்கள். குழி விழுந்த மேட்டில் வீசினால் முன்கால் பிரண்டு முழங்கால் போகும். சாயந்திர மழைக்கு முன் தார்ப்பாய் போட்டு விளிம்பில் மணல் மூட்டை. மழை விட்டதும் உடனே எடுத்துவிடுங்கள், மூடியே கிடந்தால் வெந்து சேறாகிவிடும்.

இடக்கை:
விட்டுப்போன ஒன்று. கூடைப்பந்தில் ஆள்காட்டி விரலோ நடுவிரலோ பந்தில் மோதிச் சுளுக்கினால், பக்கத்து விரலோடு சேர்த்து ஒட்டுநாடா சுற்றிக் கூடைப்பந்து ஆடிவிடலாம். அதே கையோடு பிட்சிங் முடியாது. பெரிய லீக் விதிப்படி பிட்சர் கையில், விரலில் எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது. விதி போகட்டும், அந்த இரண்டு விரலும்தான் பந்தைக் கடைசியாகத் தொட்டு அனுப்புபவை. வலிக்கும் விரலுக்குப் பயந்து பிடியை மாற்றுவான், மணிக்கட்டு கோணும், பாரம் முழங்கைக்கு ஏறும். மடக்கி நீட்டி வலியில்லாமல் வரும்வரை இடக்கையால் டிரிப்ளிங் (பந்தைத் தரையில் தட்டி ஓட்டுவது) பழகட்டும்.