33 இஞ்ச் டயரும் மணலி ரோடும்: பார்த்தவர்கள் சொல்லுங்கள்

மணலி, அலைன்மென்ட் கடை:
எனக்கு கன்டெய்னர் லாரிதான் பிழைப்பு. இப்போது பாடியை உயர்த்துகிற லிஃப்ட் கிட் ஏற்றின ஜீப்களும் வருகின்றன. வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: "காடு மலை ஏறுகிற வண்டி என்று விற்கிறவன், பெரிய டயரைப் போட்டே கொடுத்தால் என்னண்ணே?"

போன மாதம் திருவொற்றியூர்த் தம்பி ஒருவர் மஹிந்திரா தார் ஜீப் கொண்டுவந்தார். கம்பெனி டயர் 255/65 ஆர்18, உயரம் ஏறக்குறைய 31 இஞ்ச். அதைக் கழற்றி 33 இஞ்ச் மட் டயர் மாட்டி, கிட்டும் ஏற்றியிருந்தார். முன்னால் ஏதோ 'கட கட' என்கிறதாம். ஜாக்கியில் தூக்கினால் ஆக்சில் மூட்டை மூடுகிற ரப்பர் உறை, அதாவது பூட், கிழிந்து, ரிம்மின் உள்பக்கமெல்லாம் கிரீஸ், அதன்மேல் கடற்கரை மணல். முன்பக்கம் இன்டிபென்டென்ட் சஸ்பென்ஷன், ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும். பாடியை உயர்த்தினால் ஆக்சில் சரிந்தே நிற்கும், அதன் மூட்டான சிவி ஜாயின்ட் எந்நேரமும் வளைந்தபடியே சுற்றும். பூட்டின் மடிப்புகள் ஒன்றையொன்று உரசித் தேய்ந்துவிடும். மணல் உள்ளே போனால் ஜாயின்ட் அவ்வளவுதான்.

ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தேன். டயர் மட்கார்டு பிளாஸ்டிக்கை வழித்துக்கொண்டு போனது. ஷோரூமில் காலியாக நிற்கிற வண்டியை வைத்து யாரும் அளவு எடுப்பதில்லை. ஆள் நிறைந்து, ஸ்பிரிங் அடிவரை அமுங்கி, ஸ்டியரிங் முழுக்க ஒடிந்திருக்கும்போதும் டயர் எதிலும் படக்கூடாது, அதுதான் கணக்கு.

அப்புறம் பிரேக். சக்கரம் பெரிசு, டிஸ்க் பழசு, பிடி குறையத்தான் செய்யும். மீட்டர் 80 காட்டும்போது வண்டி 85-இல் ஓடும். இவ்வளவு வம்புக்கும் கிடைப்பது என்ன? டயரில் 2 இஞ்ச் கூடினால் ஆக்சிலுக்கு அடியில் 1 இஞ்ச்.

கொருக்குப்பேட்டை:
அமெரிக்காவில் ஃபோர்டு பிரான்கோவுக்கு கம்பெனியே 35 இஞ்ச் தருகிறதே, அது எப்படி?

மணலி, அலைன்மென்ட் கடை:
தருகிறார்கள், சாஸ்குவாட்ச் பேக்கேஜ் என்று. டயரை மட்டுமா தருகிறார்கள்? ஆக்சில் கியர் ரேஷியோ வேறு, ஷாக் அப்சார்பர் வேறு, மட்கார்டு ஃபிளேரும் அகலம். அதற்குத் தனி விலை. நம் ஆட்கள் டயரை மட்டும் மாற்றிவிட்டு பிக்கப் போச்சு என்று எஞ்சினைத் திட்டுகிறார்கள்.

எண்ணூர், டிரெய்லர் டிரைவர்:
காமராஜர் துறைமுகத்துக்குப் புது வண்டி ஏற்றிப் போகிறேன். இரண்டு தட்டு டிரெய்லரில் ஒவ்வொரு இஞ்சும் காசு. வண்டிக்கு உயரம் வைக்கும்போது கம்பெனிக்காரர்கள் இதையும்தான் பார்ப்பார்கள்.

ராயபுரம், இன்சூரன்ஸ் சர்வேயர்:
மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவை யாரும் படிப்பதில்லை. கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியாயிற்று. உயரம் கூட்டின வண்டி கவிழ்ந்த கிளெய்ம் என்றால் ஃபைல் லேசில் நகராது. வண்டி சறுக்கினால் பிரேக்கைத் தானே பிடிக்கிற இ.எஸ்.சி-யும் பழைய உயரத்துக்கு அமைத்தது.

வியாசர்பாடி:
எல்லாம் சரி சார். மழைக்கு எங்கள் ஜீவா சுரங்கப்பாதை பக்கம் வந்து பாருங்கள், உயரம் வேண்டாம் என்று சொல்லவே மாட்டீர்கள்.

மணலி, அலைன்மென்ட் கடை:
உயரம் கொஞ்சம் உதவும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எஞ்சின் நிற்பது காற்று இழுக்கிற வாய்க்குள் தண்ணீர் போவதால்தான். ஃபோர்ஸ் கூர்க்காவில் கம்பெனியே ஸ்நார்க்கலைப் பொருத்தி, அந்த வாயை முன்கண்ணாடி உயரத்துக்குக் கொண்டுபோயிருக்கிறது. டயர் அதே சாதாரண அளவுதான்.

திருவொற்றியூர்:
அந்தத் தார் என்னுடையதுதான். பழைய டயரே போட்டாச்சு. காட்டுப்பள்ளி மணலில் சிக்காமல் போக என்ன வழிண்ணே?

மணலி, அலைன்மென்ட் கடை:
மணலில் இறங்கும் முன் காற்றை 18 பிஎஸ்ஐக்குக் குறை. வேகமாகத் திருப்பாதே, டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடும். தார் ரோடு ஏறினதும் திரும்பக் காற்று அடி, கையோடு ஒரு பம்பு வைத்துக்கொள். பூட் புதுசு வந்துவிட்டது தம்பி, சனிக்கிழமை வண்டியைக் கொண்டுவா.