டொர்னாடோ துரத்துற ஆராய்ச்சி டீம்ல சேர முடியுமா?

பாயான்பாரு_பொண்ணு:
வணக்கம், பினாங்குல பிசிக்ஸ் டிகிரி கடைசி வருஷம் படிக்கிறேன். 2019 ஏப்ரல்ல தஞ்சோங் தொக்கோங்ல கடல்லேர்ந்து சுழல்காத்து கரைக்கு ஏறி கூரையெல்லாம் பிச்சிப் போட்டுச்சே, அந்த வீடியோ பாத்ததுலேர்ந்து இதே பைத்தியம். அமெரிக்கா போயி டொர்னாடோ டீம்ல சேர என்ன படிக்கணும்? அம்மாகிட்ட இன்னும் சொல்லல 😅

செந்தூல்_அண்ணன்:
வானிலை அறிவியல்ல மாஸ்டர்ஸ் பண்ணு தங்கச்சி. ஓக்லஹோமா நார்மன்ல யுனிவர்சிட்டியும் கடும்புயல் ஆய்வுக்கூடமும் ஒரே ஊர்லதான். 2009, 2010ல வோர்டெக்ஸ்2னு ஒரு பெரிய டொர்னாடோ ஆராய்ச்சி நடந்துச்சு, ராடார் லாரி, கூரைமேல காத்து வேகம் ஈரப்பதம் அளக்குற கருவி மாட்டுன கார், பலூன்னு பெரிய படையே கிளம்பிப் போச்சு. ஆனா படத்துல வர்ற மாதிரி இல்ல லா, நூத்துக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிட்டு பெட்ரோல் ஸ்டேஷன் ரொட்டிய தின்னுட்டு ஒன்னுமே பாக்காம திரும்புற நாள்தான் ஜாஸ்தி. அங்க புயல் பெரும்பாலும் வடகிழக்கா நகரும், அதனால தென்கிழக்குப் பக்கமா நிப்பாங்க, டொர்னாடோவும் தெளிவா தெரியும், கல்மழையும் கண்ணாடிய ஒடைக்காது.

பட்டர்வர்த்_மாமா:
2013 மே 31, ஓக்லஹோமா எல் ரீனோ ஊர்ல வந்த டொர்னாடோ பத்தி படிச்சுட்டு முடிவு பண்ணும்மா. 4 கிலோமீட்டருக்கு மேல அகலம், பட்டுன்னு திசையும் திரும்பிடுச்சு. டொர்னாடோ ஆராய்ச்சி பண்ண டிம் சமராஸ் எவ்ளோ அனுபவசாலி, அவரு, மகன் பால், கூட்டாளி கார்ல் யங் மூணு பேருமே அதுல செத்துப் போய்ட்டாங்க.

பாயான்பாரு_பொண்ணு:
ஐயோ. ரோட்ல எறங்காம ராடார் டேட்டா மட்டும் பாக்குற வேலை இருக்கா அண்ணே?

செந்தூல்_அண்ணன்:
நெறைய இருக்கு, மொதல்ல பைத்தான் புரோகிராமிங் கத்துக்கோ. அம்மாகிட்ட இந்த வேலைய மட்டும் சொல்லு 😂